சுவர்ப்பக்கம்

அம்மாவின் வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பித்தானைத் தவோங்கா போட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் அழவில்லை. பாயில் உயிரில்லாமல் கிடந்த தம்பி பெண்டாட்டியை ஒருமுறை பார்த்தாள். முந்தானைத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அதிகாரத்தை ஆரம்பித்தாள்.

“நாற்காலியெல்லாம் வெளிய போகட்டும். அந்தக் கட்டிலையும் எடுங்கடி. சபை மாதர் சங்கத்துக்காரங்க வந்தா எங்க உக்காருவாங்க, என் தலைமேலயா?”

செத்தவர் படுத்த கட்டில் அடக்கம் முடியும்வரை வீட்டுக்குள் இருக்கக்கூடாது. அந்த மலையூரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கட்டில் முற்றத்துக்குப் போகும், உடம்பு தரையில் பாய்மேல் கிடக்கும், பெண்கள் சுற்றிலும் காலை நீட்டி உட்கார்ந்து பாடுவார்கள்.

உதவிக்கு வந்திருந்த மூன்று பெண்களும் உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள். பிறகு தவோங்காவைப் பார்த்தார்கள். கட்டில் யாருடையது, அதில் இப்போது யார் படுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவள் ஒருத்திதான்.

“அம்மா செத்தது பாயில. பாய் வெளிய போனா போதும்,” என்றாள் தவோங்கா.

“வாயாடாதே. கட்டில் உங்கம்மாவோடது.”

“மெதுவா பேசுங்க அத்தை. அவ வந்துடப் போறா.”

அவள் என்றால் ஐல்சா. ஸ்காட்லாந்திலிருந்து ஆறு வார ஊழியத்துக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவி. போன மாதம், வரப்போகிற பெண்ணை யார் வீட்டில் தங்கவைப்பது என்று சபையில் கேட்டார்கள். கட்டில் இருக்கிற வீடுதான் வேண்டும் என்று மூப்பர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் பேசி முடிக்குமுன் அம்மா கையைத் தூக்கிவிட்டாள். இருக்கிறது ஒரே கட்டில், அதில் படுக்கிறவள் தானே என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அப்பா கல்யாணத்துக்கு முன்னால் பைன் மரத்தில் தானே இழைத்துச் செய்த கட்டில் அது. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மா அதன்பிறகும் சுவரை ஒட்டித்தான் படுப்பாள். “நடுவுல தாராளமா படேன்மா,” என்று தவோங்கா சொன்னால், “எடத்தப் புடிச்சிக்கிட்டா அந்த மனுஷன் எங்க படுப்பாரு?” என்று சிரிப்பாள்.

அப்படிப்பட்ட கட்டிலை, “உனக்காக சபையில கொண்டாந்து போட்டாங்க,” என்று ஐல்சாவிடம் கூசாமல் புளுகினாள். தாயும் மகளும் அடுப்படிக் கொட்டகையில் பாய் விரித்தார்கள். அங்கே சூடாக இருக்கும் என்று அதற்கும் ஒரு பொய். நெருப்பு பாதி இரவில் அவிந்துவிடும். அங்கே ஜூலைதான் குளிர்காலம்; தூறலும் காற்றும் புல் தட்டி வழியாக நேரே உள்ளே வரும்.

மூன்றாவது வாரம் அம்மாவுக்கு இருமல் வந்தது. ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, குளிர் படாமல் பார்த்துக்கொள் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் மாத்திரை கொடுத்தனுப்பினாள். “நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடறேன்,” என்று தவோங்கா எழுந்தபோது, அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“வந்த பிள்ளைய எழுப்பி வெளிய விடறதுக்கா நான் கையத் தூக்குனேன்? சும்மா கெட.”

நேற்று மாலை மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடி அதையே சொன்னாள். “இன்னும் ஒம்பது நாள்தான்டி. போறவரைக்கும் அவளுக்குத் தெரியவேண்டாம். தெரிஞ்சா, அது எந்த ஊர்ல போய்ப் படுத்தாலும் தூக்கம் வராது.” தவோங்கா தலையாட்டினாள். விடியும்போது அம்மா இல்லை.

தலையாட்டியது அம்மாவுக்காக. மனசுக்குள் ஆத்திரம் கொதித்தது. அந்தப் பெண்ணின் நாட்கள் ஒவ்வொன்றும் அவள் கண்முன்னால்தானே போயின. விடிந்ததும் குழாயடிக்குப் போவாள், வாளியைத் தலையில் வைத்துப் பாதித் தண்ணீரைத் தன்மேலேயே ஊற்றிக்கொண்டு வருவாள். அவித்த சர்க்கரைவள்ளியில் ஒன்றைத் தின்பாள். அம்மா பக்கத்தில் நின்று, “இன்னொண்ணு, இன்னொண்ணு,” என்பாள். முதல் வாரம் டீ குடித்த கோப்பைகளையாவது கழுவினாள். அப்புறம் அதுவும் போயிற்று. ஆறரைக்கே பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம். மூன்றாம் வகுப்புக்குப் பாடம், மத்தியானம் சபைக் கட்டட ஜன்னல்களுக்குச் சாயம், இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். ராத்திரி ஜெபத்தில் வசனத்தைக் கோணல்மாணலாக வாசிப்பாள், அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவளைப் பார்த்து என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று தவோங்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்கட்டில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. தவோங்கா எழுந்து போனாள்.

ஐல்சா நனைந்து நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. அன்று நான்கு நடை தண்ணீர் கொண்டுவந்திருந்தாள், யாரும் கேட்காமலே.

சொல்லிவிடுவோம் என்று தவோங்கா முடிவு செய்தாள். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு செத்தவளோடு போகட்டும். இவள் கொஞ்சம் துடிக்கட்டும். “ஐல்சா, ஒண்ணு சொல்லணும்,” என்றாள்.

“நானும் சொல்லணும் அக்கா. நான் முதல்ல சொல்றேன்.” ஐந்து வாரத்தில் கற்ற அந்த ஊர்த் தும்புகா மொழியில் வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்தாள். “ஒரு நாள் சாக்குக்கட்டி மறந்துட்டேன். ரெண்டாவது வாரம். திரும்பி வந்தேன். அம்மா என் கட்டில்ல தூங்கறாங்க.”

 தவோங்கா அந்த நேரத்தில் தோட்டத்தில் இருந்திருப்பாள்.

“நல்லா தூங்கறாங்க. குழந்தை மாதிரி. நான் எழுப்பல. சாக்குக்கட்டி எடுக்கல, சத்தம் வரும்னு. அதுக்கப்புறம் தினமும் சீக்கிரம் போனேன். கோப்பை கழுவினா லேட் ஆகும், அவங்க தூக்கம் போயிடும். சாயந்தரமும் லேட்டா வந்தேன். அவங்களுக்கு மெத்தை புடிச்சிருந்துச்சு, இல்ல?” ஈரக் கையால் மூக்கைத் துடைத்தாள். “ஊருக்குப் போறப்ப, அந்தக் கட்டில அம்மாவுக்கே குடுத்துடுங்கன்னு சபையில கேக்கணும்னு இருந்தேன். லெட்டர்கூட எழுதி வச்சிட்டேன்.”

தவோங்கா அடுப்புக்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு மாதிரி ஏதோ தொண்டைவரை வந்து, அழுகையாக வெளியே வந்தது. விடிந்ததிலிருந்து அவள் அழவில்லை. இப்போதுதான் அழுதாள், ஊரே கேட்கும்படி. ஐல்சா பயந்துபோய் அவள் முதுகைத் தடவினாள்.

“அக்கா, நீங்க சொல்ல வந்தது?”

“ஒண்ணுமில்ல.” தவோங்கா மூக்கைச் சிந்தினாள். “ஈரத்தோட நிக்காத. போய்த் துணிய மாத்து. அதுதான்.”

ஐல்சா நகரவில்லை. “பெட்டி எப்ப வரும்?”

“மத்தியானம் ஆகும்.”

“அதுவரைக்கும் அம்மா தரையிலயா? குளிருது. கட்டில்ல படுக்கவைக்கலாமா?”

தவோங்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சொன்னதும் அத்தை குதித்தாள். “செத்தவளக் கட்டில்ல ஏத்தறதா? எந்த ஊரு நியாயம்டி இது? ஒரு வெள்ளக்காரப் பொண்ணு சொன்னா நம்ம வழக்கமெல்லாம் காத்துல போயிடுமா?”

தவோங்கா அத்தையின் காதருகே குனிந்தாள். “அஞ்சு வாரம் தரையில கெடந்தாச்சு. மத்தியானம் வரைக்கும் அவ கட்டில்ல அவ இருக்கட்டும். அப்புறம் நானே தூக்கி வெளிய போடறேன்.”

அத்தை அவளை முறைத்தாள். பிறகு உள்ளறைக் கதவைத் தானே தள்ளித் திறந்தாள்.

ஐல்சா ஓடிப்போய்த் தன் புத்தகங்களையும் பையையும் கட்டிலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். பெண்கள் பாயோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பில் கனமே இல்லை. கட்டிலின் நடுவில் இறக்கப் போனபோது ஐல்சா கையை நீட்டித் தடுத்தாள்.

“நடுவுல இல்ல. சுவர்ப்பக்கம். அவங்க அப்படித்தான் படுப்பாங்க.”

பெண்கள் அப்படியே நின்றார்கள். வெளியே மாதர் சங்கத்தார் பாடிக்கொண்டு வரும் சத்தம் சரிவில் கேட்டது.

“அவ சொல்றபடி வைங்க,” என்றாள் அத்தை.

சுவரை ஒட்டி வைத்தார்கள். ஐல்சா போர்வையை அம்மாவின் தோள்வரை இழுத்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் அடியில் செருகினாள். அத்தை தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையை எட்டி, கட்டிலின் இந்தப் பக்கத்தில், தன் தம்பியின் இடத்தில், விரிப்பிலிருந்த ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள்.