மிட்டாய்க் கூலி

எழுப்ப வந்த தையல்காரிக்குத் தன் மகளின் முகமே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. இடது கன்னம் வீங்கி மேலேறி, கண்ணை அமுக்கி மூடியிருந்தது. தொட்டால் அனல் அடித்தது. "என்னடி இது, தேனீ கொட்டிடுச்சா?" என்றாள். கேட்கும்போதே அது தேனீ இல்லை என்று தெரிந்துவிட்டது.

மகளுக்கு வீட்டில் குண்டூசி என்று பெயர். அம்மா தைக்கும்போது கீழே விழும் குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்கித் தருவது அவள் உத்தியோகம். ஒவ்வொரு தடவைக்கும் கூலி ஒரு மிட்டாய். பள்ளிச் சீருடைகள் குவியும் மாதங்களில், பிள்ளை மடியில் ஏறித் தொல்லை பண்ணாமலிருக்க, தையல்காரி வேண்டுமென்றே ஊசிகளைத் தட்டிவிடுவாள். "ஐயையோ, கொட்டிப்போச்சே!" என்று நடிப்பு வேறு. பிள்ளையின் மேல் கடைவாய்ப்பல் கறுத்தபோது கணவன், "டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றான். "விழப்போற பால்பல்லுக்கு வைத்தியமா? நல்ல ஆளுதான் போங்க" என்று சிரித்தாள். பிறகு பிள்ளை வலியில் துடித்தாள். தையல்காரி வலி மருந்தை ஊற்றிச் சமாளித்தாள். திடீரென்று ஒருநாள் வலி தானாகவே நின்றது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா இப்போது நினைவுக்கு வர, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பஸ்ஸில் எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு தாயைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் மகளின் முகத்தை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை, கண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, கண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

பல் டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வலி எப்ப நின்னுச்சு?"

"போன மாசம் டாக்டர். சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"சரியாகலம்மா. பல்லு உள்ளயே செத்துப்போச்சு. அதான் வலிக்கல. இப்ப சீழ் மேல ஏறியிருக்கு."

"கண்ணு... கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

டாக்டர் இமையை விலக்கி விளக்கடித்துப் பார்த்தார். "பல்ல எடுத்துச் சீழை வடிச்சிடறோம். மருந்து ஏத்தறோம். சாயங்காலத்துக்குள்ள கண்ணு கொஞ்சமாவது தொறக்கணும். தொறக்கலன்னா ஸ்கேன் எடுத்துட்டுப் பேசலாம்."

"விழப்போற பல்லுதானேன்னு விட்டுட்டேன் டாக்டர்."

"விழறதுதான். ஆனா புதுப்பல்லு வர்ற வரைக்கும் எடம் பிடிச்சு வைக்கிறது அதுதாம்மா."

அவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. குண்டூசியும் கழற்றிப் போடப்போவதுதான். அதற்காகத் தையல் ஓடுமுன்னே உருவிவிட்டால் துணி கோணிக்கொண்டு போகும் என்று தையல் பழக வந்த எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள்! சொந்தப் பிள்ளை விஷயத்தில் புத்தி புல் மேயப் போயிருந்தது.

பல்லை எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கணவன் வேலையிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது. கண் மூடியே இருந்தது.

"அம்மா," பஞ்சு அடைத்த வாயால் குண்டூசி முனகினாள். "இன்னிக்கு நான் ஊசியே பொறுக்கல."

"பரவால்லடா தங்கம்."

"எனக்கு மிட்டாய் வேணாம். சும்மாவே பொறுக்கித் தரேன்."

தையல்காரி அழவில்லை, அழுதால் பிள்ளை பயந்துவிடும். மகளின் சட்டைப்பையில் காந்தம் தட்டுப்பட்டது. அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். தன் புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். மகளின் நல்ல கண்ணைத் தன் கையால் மெல்ல மறைத்துக்கொண்டு, மூடிய கண்ணுக்கு நேரே, வெள்ளை விரிப்பின்மேல் அதை வைத்தாள்.

"ஐயையோ, விழுந்துடுச்சே," என்றாள். "எங்க இருக்கு, பாத்துச் சொல்லுடி."

வீங்கிய இமைக்குக் கீழே ஏதோ அசைந்தது. காந்தம் பிடித்த சின்னக் கை விரிப்பின்மேல் தடவித் தடவி நகர ஆரம்பித்தது.