காணாமல் போன ஒன்றரை இன்ச்

பட்டறையில் எல்லோருக்கும் வருடம் ஒரு புது மேலங்கி உண்டு. இந்த வருடத்தியதைப் போட்டுப் பார்த்த தையற்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முழங்காலோடு நிற்க வேண்டிய விளிம்பு அதையும் தாண்டித் தொங்கியது.

“மாஸ்டர், வெட்டும்போது கண்ணை எங்க வச்சிருந்தீங்க?”

கட்டிங் மாஸ்டர் நிமிர்ந்தார். அங்கே வேலை பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான். “என்னை என்ன வேணா சொல்லுங்கக்கா, என் கத்தரியச் சொல்லாதீங்க. பத்து வருஷமா உங்களுக்கு அதே பேட்டர்ன்தான்.”

அவள் அளவுக்கு வெட்டி வைத்திருந்த பேட்டர்ன் தாளை மேலங்கியின்மேல் விரித்துக் காட்டினார். இம்மி பிசகவில்லை.

“அப்ப துணி நீண்டிருக்கும்.”

“காட்டன் சுருங்கும், நீளுமா? செவுத்தோட நில்லுங்க.”

நின்றாள். உச்சந்தலையில் அடிக்கோலை வைத்துக் கோடு கிழித்து, டேப்பை இறக்கினார். பழைய உயரம் பேட்டர்ன் தாளின் ஓரத்தில் எழுதியிருந்தது.

“ஒன்றரை இன்ச்சைக் காணோமேக்கா! எங்க தொலைச்சீங்க?”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துணி உருளையைத் தூக்கியபோது நடுமுதுகில் பிடித்த வலி மூன்று மாதமாக விடவில்லை. நாளெல்லாம் மெஷினில் குனிந்து தைப்பதால்தான் விடவில்லை என்று சும்மா இருந்தாள்.

மறுநாளே, பதினெட்டு வருடமாக எச்.ஐ.வி.க்கு மருந்து வாங்கும் மருத்துவமனைக்குப் போனாள்.

“டாக்டரம்மா, நான் குள்ளமாயிட்டேன்.”

“யாரு சொன்னா?”

“எங்க கட்டிங் மாஸ்டர்.”

டாக்டர் கோப்பைப் புரட்டினார். ஒவ்வொரு முறையும் எடை இருந்தது, ரத்தப் பரிசோதனை இருந்தது. ரத்தத்தில் வைரஸ் தட்டுப்படாமலே பல வருடம் ஓடியிருந்தது. உயரம் மட்டும் முதல் நாள் எழுதியதோடு சரி.

“நாங்க அளந்திருக்கணும்” என்றார்.

இரண்டு வாரத்தில் எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வந்தன. முதுகெலும்பில் இரண்டு இடம் நசுங்கியிருந்தது.

“வைரஸும் எலும்பைப் பலவீனமாக்கும், உங்க மாத்திரைல ஒண்ணும் ஆக்கும். மாதவிடாய் நின்னதும் கூடச் சேர்ந்துக்கிச்சு.”

“அப்ப மாத்திரைய நிறுத்திரவா?”

“நிறுத்துங்க பாப்போம், பட்டறைக்கே வந்து சண்டை போடுவேன்! அத மாத்தித் தர்றேன். எலும்புக்குத் தனி மருந்து தர்றேன். தெனம் நடங்க. கனம் மட்டும் தூக்காதீங்க.”

அந்தக் கடைசிச் சொல்தான் இடித்தது. மாஸ்டரோடு உருளையின் மறுமுனையைப் பிடிப்பது அவள் வேலை. முடியாதென்றால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் வேலை நிலைக்குமா?

மறுநாள் காலை, மற்றவர்கள் வருமுன்னே உருளை வந்து இறங்கியது.

“ஒரு கை பிடிங்கக்கா.”

“பிடிக்க மாட்டேன் மாஸ்டர். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, பதினெட்டு வருஷமா. மருந்து அத அடக்கி வச்சிருக்கு. இப்ப எலும்புதான் தேஞ்சிருக்கு. தைக்கிறதுல இங்க என்னை முந்த ஆளில்ல, அத மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க.”

மாஸ்டர் உருளையை மெல்லக் கீழே வைத்தார். கழுத்து டேப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

“அப்ப என் வெட்டு சரி.”

“சரிதான்.”

“அத எல்லார் முன்னாலயும் சொல்லணும்.”

“சொல்றேன். மத்தத நீங்க சொல்லக் கூடாது.”

“இத்தன வருஷத்துல யாரோட அளவயாவது வெளில சொல்லியிருக்கேனாக்கா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அப்போதுதான் உள்ளே வந்த பட்டறை இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டு உருளையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார் மாஸ்டர். பிறகு பேட்டர்ன் தாளில் பழைய உயரத்தை அடிக்காமல், அதற்குக் கீழே புதியதைத் தேதியோடு எழுதினார்.

“ஆறு மாசத்துக்கொரு தரம் செவுத்தோட நிக்கணும். கொறஞ்சா நான் விடமாட்டேன்.”

“நான் மட்டும் விட்டுருவேனா?” என்று மேலங்கியின் விளிம்பை மடித்துப் பிடித்தாள் தையற்காரி. ஒன்றரை இன்ச்.