இடிந்த தியேட்டரில் ஓரச் சீட்டு

பொக்லைன்காரரின் மனைவி வாரத்தில் மூன்று நாள் மாலைக் காட்சிக்குப் போய்வந்த தியேட்டர், அவள் கணவர் கையாலேயே இடிக்கப்பட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தது. அந்த இடத்தில் இப்போது நான்கு மாடி வாகன நிறுத்தம் நின்றது. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு முன்பே, தியேட்டரோடு சேர்த்து இடிக்கப்பட்ட பழைய கடைத்தெருவில் சாமான் வாங்கிப் பழகிய பலர் அங்கே போய்வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் போனவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பல்வலிக்கு மருந்து வாங்கக் கிளம்பியவர், கால் போன போக்கில், இல்லாமல் போன ரொட்டிக்கடைக்குள் நுழைந்து, சூடாக இரண்டு ரொட்டியோடு வீடு திரும்பினார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பேனா ரிப்பேர் கடை, பித்தானும் நாடாவும் மட்டுமே விற்ற கடை, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுத்த ஸ்டூடியோ, கூரை ஒழுகிய வாடகை நூலகம், கோடியில் தியேட்டர் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அங்கே பெய்வது பழைய மழை என்பதால், வெயில் கொளுத்தும் நாளில் சிலர் நனைந்த குடையோடு பஸ் ஏறினார்கள். கண்டக்டர்கள் கொஞ்ச நாள் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. உள்ளே போகிறவர்கள் வாகனங்களுக்கு வழிவிட்டுப் போகவும் என்று நகராட்சி ஒரு பலகை வைத்தது. அத்தோடு சரி.

பொக்லைன்காரர் வெளியூர்க்காரர். அந்தத் தெருவை இடிக்கிற வேலைக்கென்றே ஊருக்குள் வந்தவர். தியேட்டரின் முகப்புச் சுவரில் அவருடைய இயந்திரத்தின் கை முதல்முறை பட்டபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்த் தன்னுடைய தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். ஒரு கட்டடத்துக்கே இப்படி அழுகிறவள் கட்டிக்கொண்டவனுக்காக எப்படியெல்லாம் உருகுவாள் என்று அங்கேயே நின்று மனக்கோட்டை கட்டினார். பெண் கேட்டுப் போனார், பெண் வீட்டில் மறுப்புச் சொல்லவில்லை. கல்யாணமாகி, ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியேறினார்கள். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். முன்னறை ஜன்னலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து தைப்பாள். அவர் போட்ட கணக்கு பாதிதான் சரியாக வந்தது. அவள் உருகத்தான் செய்தாள், ஆனால் அந்தக் கட்டடத்துக்காகவே தொடர்ந்து உருகினாள்.

அவள் தியேட்டருக்குப் போக ஆரம்பித்தது கல்யாணத்துக்கு அடுத்த வருடம். எதையும் ஒளிக்கவில்லை. துணிகளை மடித்து வைத்து, மெஷினுக்கு உறை போட்டு, தலை வாரிக்கொண்டு, "போய்ட்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வரும்போது முடியில் பினாயில் வாசனையும் வறுத்த கடலை வாசனையும் இருக்கும். முகம் மட்டும் எங்கேயோ நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்த முகமாக இருக்கும்.

"இன்னைக்கு என்ன படம்?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"அதே படம்தான்."

"ஒரே படத்தை எத்தனை தடவைதான் பாப்பே?"

"படமா முக்கியம்? அந்த இருட்டு, அந்த ஃபேன் சத்தம்... டார்ச் அடிச்சு சீட்டு காட்டுவாரே, அவரு இருக்காரு பாருங்க, என் தலையைப் பாத்ததுமே நேரா ஓரச் சீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. நான் வாயே தொறக்க வேணாம்."

அவள் இதைச் சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். டார்ச்காரர் அந்த நிமிடம் வீட்டுக்குள் நுழைந்தவர், அப்புறம் வெளியே போகவே இல்லை. பொக்லைன்காரர் சாப்பிடும்போது அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார், முகம் கழுவும்போது கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். வயிறு எரிகிறது என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்வதுண்டு. இவருக்கு நிஜமாகவே எரிந்தது. சட்டையில் வயிற்றுக்கு நேராக இருக்கும் பித்தான் முதலில் பழுப்பாகி, பிறகு கருகி, உருகிக் கீழே விழுந்தது. புதுச் சட்டை போட்டாலும் இரண்டே நாளில் அதே கதை. வைத்தியம் பார்த்த டாக்டர் வயிற்றில் கை வைத்து அழுத்திவிட்டு, சுட்ட விரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டியபடியே, காரத்தைக் குறைக்கச் சொன்னார். காரத்தைக் குறைத்தும் பித்தான்கள் கருகின. அவள் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றாகத் தைத்துக் கொடுத்தாள். தைத்த பித்தான்கள் எல்லாம் அந்த இல்லாமல் போன பித்தான் கடையில் வாங்கியவை. நான்கு கண் வைத்த, நல்ல கனமான பித்தான்கள், இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காதவை. இது தெரிந்தபோது அவருக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு மாலை அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவளும் சந்தோஷமாகவே கூட்டிப்போனாள். வழியெல்லாம், இதோ இங்கே பேனா கடைக்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பார், இதோ இங்கே நூலகத்தின் பூனை குறுக்கே ஓடும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். திருப்பத்தில் அவள் கை சோப்புக் கட்டியைப் போல அவர் பிடியிலிருந்து வழுக்கியது. அவள் இல்லை. அவர் வாகன நிறுத்தத்தின் வாசல் தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி எங்க சார்?" என்றார் வாட்ச்மேன்.

"வண்டி இல்ல."

"அப்ப ஓரமா நில்லுங்க. சம்சாரம் உள்ள போயிருக்காங்களா? படம் விட்டா வந்துடுவாங்க."

அவர் ஓரமாக நின்றார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே வந்து நின்றார். கார்கள் ஏறி இறங்கும் சத்தத்துக்கு நடுவே, எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரிப்பது போலக் கேட்கும். அதில் அவள் சிரிப்பு எது என்று பிரித்தெடுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். தன்னிடம் அவள் அப்படிச் சிரித்ததுண்டா என்று யோசிப்பார். தான் அவளைச் சிரிக்க வைக்க என்ன செய்தோம் என்பது மட்டும் யோசனைக்கு வராது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், இனிமேல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. சரி என்று இருந்துவிட்டாள். அந்த மழைக்காலம் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். ஆனால் சட்டைக்கை இருக்கும் இடத்தில் காலரைத் தைத்தாள், கூப்பிட்டால் நான்காவது தடவைதான் திரும்பிப் பார்த்தாள். ஒரே கட்டிலில் படுத்திருந்தும் அவள் பக்கத்து மெத்தை அமுங்கவில்லை. அவர் தொட்டுப் பார்த்தார். போர்வைக்குள் ஆள் இருந்தாள், பாரம்தான் இல்லை. காற்று பலமாக வீசினால் கை தவறிவிடுமோ என்று பயம் வந்ததும் அவரே சொன்னார்.

"போய்ட்டு வா."

"கோவமா சொல்றீங்களா?"

"கோவந்தான். அதுக்காகப் போகாம இருக்காதே."

அவள் போனாள். அன்று இரவு மெத்தை பழையபடி அமுங்கியது. மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. டார்ச்காரரைத் தேடிக் கிளம்பினார். இடித்த நாளில் அங்கிருந்தவர்களையெல்லாம் விசாரித்து, ஊரின் மறுகோடியில், மகள் வீட்டு மாடியறையில் அவரைக் கண்டுபிடித்தார். தலை முழுக்க நரைத்த ஒரு மனிதர், வீங்கிய முழங்காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் வீட்டில் எதிரில் வந்து உட்கார்ந்தவர் இவர் இல்லை என்று பொக்லைன்காரருக்குத் தெரிந்தது. ஆனாலும் வந்த காரியத்தைச் சொன்னார்.

"ஓரச் சீட்டா?" டார்ச்காரர் கொஞ்சம் யோசித்தார். "தனியா வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் ஓரச் சீட்டுதாங்க குடுப்போம். பக்கத்துல எவனும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல. உங்க சம்சாரம் யாருன்னே எனக்கு ஞாபகமில்ல."

"ஆனா தினமும் நீங்கதான் டார்ச் அடிக்கிறீங்களாம்."

"நானா?" கிழவர் முகம் கறுத்தது. "அவன் அடிக்கிறான். எனக்கு உள்ளயே விட மாட்டேங்குது. மகளோட தோளைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு தடவை போய்ப் பாத்தேன். வாட்ச்மேன்தான் நிக்கிறான். அப்புறந்தான் புரிஞ்சுது, நான்தான் ஏற்கனவே உள்ள இருக்கேனே. ஒரே ஆளு எப்படி ரெண்டு தடவை நுழையறது? வேலை செஞ்சவன் எல்லாருக்கும் இதே கதிதான். டிக்கெட் வாங்கி வந்து போனவங்களுக்குத்தான் உள்ள இடம் இருக்கு." முறத்தைத் தள்ளி வைத்தார். "அவனுக்கு முட்டி வலி கிடையாது பாருங்க. தலை நிறைய முடி. தியேட்டரும் அவனுக்கு, படமும் அவனுக்கு. எனக்குப் பூண்டு."

பொக்லைன்காரர் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பூண்டு உரித்துக் கொடுத்தார். டார்ச்காரரின் சட்டையிலும் வயிற்றுக்கு நேரே பித்தான் இல்லாததை அப்போதுதான் கவனித்தார். கிளம்பும்போது தன் பையிலிருந்த நான்கு கண் பித்தான் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு டார்ச்காரர் அவர் வீட்டில் எதிரே வந்து உட்காரவில்லை. எரிச்சல் முழுதும் போகவில்லை. ஆள் மேலிருந்த கோபம் தெரு மேல் போயிற்று, தெரு மேலிருந்தது அந்த மழை மேல் போயிற்று. தான் பிறக்காத ஊரில் தனக்கு முன்னால் பெய்த மழையோடு என்ன செய்துவிட முடியும்? அவர் ஊர் ஊராக வேலைக்குப் போனார். எத்தனையோ கட்டடங்களை இடித்தார். அவள் தைத்தாள். வாரத்தில் மூன்று நாள் படம் பார்த்தாள். அப்படியே வருடங்கள் ஓடின, இருவருக்கும் காதோரம் வெளுத்தது.

பிறகு சாலையை அகலப்படுத்தும் வேலை வந்தது. அவர்கள் குடியிருந்த தெருவில் ஒரு பக்கம் முழுவதும் போயிற்று. இடிக்கிற வேலைக்கு அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். முதுகுவலி என்று சொல்லிவிட்டார். வேறொரு பையன் வந்து அரை நாளில் முடித்துக் கொடுத்தான். அவர்கள் ஊருக்கு வெளியே மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்கு மாறினார்கள். தையல் மெஷினைப் புது ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒருநாள் அவர் தாமதமாக வந்தார். அவர் தோளில் ஒரு வெள்ளை நூல் துண்டு ஒட்டியிருந்தது. அவள் அன்றைக்குத் தைத்தது முழுக்க நீலநூல்.

"எங்க போயிருந்தீங்க?"

"நம்ம பழைய வீட்டுக்கு."

"அங்கதான் ரோடு போட்டாச்சே."

"இருக்கு. அப்படியேதான் இருக்கு."

"யாரு இருந்தா உள்ள?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நீதான்."

அவள் மறுநாளே கிளம்பிப் போனாள். அகலமான சாலையும் நடுவில் புதிதாக நட்ட விளக்குக் கம்பமும்தான் இருந்தன. நெடுநேரம் நின்று பார்த்தாள். தன்னை அந்த வீடு உள்ளே விடாது என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. அந்த வீட்டில் காலையிலிருந்து மாலைவரை இருந்தவள் அவள்தான். அவள் ஏற்கனவே உள்ளே இருந்தாள். அவருக்குத்தான் அந்த வீட்டில் இடம் இருந்தது, பகலில் அவர் அங்கே இருந்ததே இல்லையே.

"அவ என்ன பண்றா?" என்று அவள் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"தைக்கிறா."

"நீங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்கேன். ஊசியில நூல் கோத்துக் குடுக்கறேன். சின்னச் சின்னதா ஏதாவது சொல்வேன். சிரிப்பா."

"சிரிக்கிறாளா?" அவள் குரல் மாறிவிட்டது. "என் பக்கத்துல ஒரு நாளாவது அப்படி உக்காந்திருக்கீங்களா நீங்க?"

அந்த வாரம் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அவருடைய தட்டை நங்கென்று வைத்தாள். அவர் தலை வாரிக்கொண்டால் சீப்பைப் பிடுங்கினாள். அங்கே இருப்பவளுக்கு முடி இன்னும் நீளமா, அடகுக்குப் போன சங்கிலி அவள் கழுத்தில் இன்னும் கிடக்கிறதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். ஒருநாள் தாங்காமல், "மங்கலான வெளிச்சத்துல தைக்க வேணாம்னு சொல்லுங்க அவகிட்ட, கண்ணு போயிடும்" என்றாள். அவர் போய்ச் சொன்னார்.

"சொன்னேன். உடனே எந்திரிச்சு லைட்டைப் போட்டா. நீ எங்க கேப்பே."

அதற்காக இரண்டு நாள் அவருக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கிளம்பும்போது அவர் எதிர்பாராதபடி வழி மறித்து நின்றாள். கையில் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது.

"மத்தியானம் தைக்கிற மும்முரத்துல சாப்பிட மாட்டா. இதைக் குடுங்க."

"உப்பு கம்மியா போட்டியா? அவளுக்கு..."

"அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, மூடியை ஒரு அழுத்து அழுத்திக் கொடுத்தாள்.

மாலையில் அவர் திரும்பி வந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கேட்காமலே ஊசியை வாங்கி நூல் கோத்தார். டப்பாவை அவள் சமையலறைக்கு எடுத்துப்போய்த் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல், அங்கே இருந்தவள் கழுவித் துடைத்து அனுப்பியிருந்தாள்.