இடது தோளுக்கு அப்பால்

எங்கள் கடையில் எடுத்த கல்யாணப் படங்களில் யாரும் நேராகப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை, பெண், மாமன்மார், முன்வரிசையில் சம்மணமிட்ட குழந்தைகள் எல்லாரும், படத்தைப் பார்க்கிற நம் இடது தோளுக்கு அப்பால் எதையோ கண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு ஜன்னல் திறந்திருப்பதுபோல. சின்னவளாக இருந்தபோது ஆல்பத்தைப் புரட்டிவிட்டு நான் திரும்பிப் பார்ப்பேன். சுவர்தான் இருக்கும்.

அங்கே நின்றது அம்மா.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது அபிநயா ஸ்டுடியோ. அந்தப் பெயர்ப்பலகை என்னைவிட மூத்தது. எங்களுக்கு முன்னால் கடையை நடத்திவிட்டுப் போனவர் யாரை நினைத்து எழுதினாரோ தெரியாது. அப்பா கடையை எடுத்த மறுவருஷம் நான் பிறந்தபோது, "போர்டுதான் நல்லா கீதே, அதையே வச்சிடலாம்" என்றாளாம் அம்மா. அப்படித்தான் எனக்கு என் பெயர் வந்தது.

அப்பா அசோக்குமார் படம் எடுப்பார். அம்மா இளவரசி ஃபிளாஷ் பிடிப்பாள். அந்த நாளில் ஃபிளாஷுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு குட்டையான ஒயர். அதனால் அப்பாவின் இடதுபக்கம், கைக்கெட்டும் தூரத்தில்தான் அவள் நிற்க முடியும். பிறகு ஒயர் போனது, ஸ்டாண்டில் நிற்கிற விளக்கு வந்தது, வீடியோவும் அம்மா கைக்கு வந்தது. ஆனால் குடும்பப் படம் எடுக்கும் நேரம் வந்தால் வீடியோவை எங்காவது வைத்துவிட்டு அதே இடத்துக்கு வந்து நிற்பாள். நின்று பேசுவாள்.

"யோவ் மாப்ள, இப்பவே பொண்டாட்டிக்கு பயந்துகினு நிக்கிறியே, ராவுக்கு இன்னா பண்ணுவ?"

"அந்த பச்ச சட்ட, உன் பின்னாடி ஆடு உன் துண்ட மேயுது பாரு."

ஆடு இருக்காது. ஆனால் பச்சைச் சட்டைக்காரர் தோளைத் தொட்டுப் பார்த்து அசடு வழிவார், மற்றவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள், அப்பா ஒருமுறை அழுத்துவார். இரண்டாம் முறை தேவைப்பட்டது குறைவு.

பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு மட்டும் அம்மா கடையில் இருக்கக் கூடாது. படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் உள்ளே இருந்தால் வங்கிக்குப் போகிற படத்திலும் ஆள் ஓரமாகப் பார்த்துச் சிரிப்பான். மழை நாளில்கூட அப்பா, "அரசி, பாஸ்போர்ட்டு" என்பார். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போவாள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பனி பெய்கிற ஏதோ தூரதேசத்து நாவலைப் படித்துக்கொண்டிருக்கும் நான் தலை நிமிர்ந்தால், கதவுக்கு வெளியே அவள் முதுகும் அதற்கப்பால் மூடுபனியில் கரைகிற டவுன் பஸ்ஸும் தெரியும். இப்போது சென்னை விடுதியில் படுத்து எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், முதலில் அந்த முதுகுதான் வந்து உட்காருகிறது.

நான் கல்லூரி முடித்த வருஷம், வைகாசிக்கு முன்னால், அருள் கடைக்கு வந்தான். நம்மியம்பட்டுக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன ஊர்க்காரன்; பெங்களூரில் செல்போன் கடையில் வேலை. அவன் அப்பா சடையனும் அம்மா செல்லியும் எங்களுக்கு வெகுநாள் பழக்கம். அவன் அக்காக்கள் இருவர் கல்யாணத்தையும் எடுத்தது நாங்கள்தான். தன் கல்யாணத்துக்குத் தேதி சொல்ல வந்தவன், மாதிரி ஆல்பத்தைப் புரட்டினான். பாதியில் நிறுத்தினான்.

"இன்னாண்ணா, எல்லாரும் எங்கியோ பாக்குறாங்க?"

அப்பா எட்டிப் பார்த்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. அங்கெல்லாம் கேமராவ பாத்துதான் எடுக்குறாங்க. காவியா வூட்ல திருப்பத்தூர் ஆளுங்க, ஆல்பத்த பாத்துட்டு எதுனா சொல்வாங்க. நம்பளுது எல்லாரும் நேரா பாக்குற மாதிரி எடுத்துடுங்க."

"எடுத்துட்டா போவுது" என்றார் அப்பா சிரித்துக்கொண்டே.

அருள் போன பிறகு அவர் சிரிக்கவில்லை. பரணிலிருந்து பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒளி நன்றாக விழுகிற வாசலில் ஸ்டூலைப் போட்டு, சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமாக அவர் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார், சிரிப்பைப் பார்த்திருக்கிறார். கண்கள் எங்கே போகின்றன என்று பார்த்ததில்லை. அது ஒரு தவறு என்று யாரும் சொன்னதுமில்லை.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது சொன்னார்:

"அரசி, இந்தக் கல்யாணத்துல நீ பக்கத்துல நிக்க வேணாம். பேசவும் வேணாம்."

அம்மா சட்னிக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "சரி."

"வீடியோ மட்டும் பாத்துக்கோ."

"வீடியோவ அபி பாத்துக்குவா. அவ சும்மாதான கீறா."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கோவம்லாம் இல்லீங்க" என்றாள் அம்மா. "கண்ணமங்கலத்துல வடிவு அண்ணி ஃபேன்சி ஸ்டோர் தொறக்குறாங்க இல்ல. கூட வந்து நில்லுன்னு ரெண்டு மாசமா கூப்புடுறாங்க. இங்க வேல கீதுன்னு சொல்லினு இருந்தேன். இந்தக் கல்யாணம் நான் இல்லாம நல்லா வந்துச்சின்னா, அங்க போறேன். வாரம் ஒருதபா வர்றேன்."

அவள் குரலில் கோபம் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைக்குச் சாமான் வாங்குவதைப் பேசுகிற குரல் அது. அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். பிட்டதைச் சாப்பிடவில்லை.

கல்யாணத்தன்று அருள் அனுப்பிய ஜீப்பில் மூன்று பேரும் போனோம். செல்லியம்மா பத்திரிகை வைத்து அழைத்திருந்ததால் அம்மாவும் வந்தாள், ஆனால் விருந்தாளியாக. மற்ற கல்யாணங்களுக்குப் புடவைமேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, காலில் கேன்வாஸ் ஷூவோடு வருவாள். அன்று அரக்குப் பட்டு, தலையில் கனகாம்பரம். அப்பா முன்சீட்டிலிருந்து இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம், விளக்கு ஸ்டாண்டை அவள் கை தானாகப் பிடித்துக்கொண்டது.

தாலி கட்டும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அந்த நேரத்தில் யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. பிறகு குடும்பப் படங்கள் ஆரம்பித்தன.

"எல்லாரும் இங்க பாருங்க. இந்த கேமரா கண்ணாடிய பாருங்க" என்றார் அப்பா.

பார்த்தார்கள். அவ்வளவுதான். சடையண்ணன் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, ஏதோ அலுவலகத்தில் பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர்போல நின்றார். காவியா கண்ணிமைக்காமல் விறைத்தாள். நேராகப் பார்க்க வேண்டும் என்று கேட்ட அருளே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"சிரிங்க" என்றார் அப்பா.

பற்கள் தெரிந்தன.

அப்பா ஒரு ஜோக் சொன்னார். என் அப்பா நல்லவர், பொறுமையானவர், ஆனால் ஜோக் சொல்லத் தெரியாது. முடிவை முதலில் சொல்லிவிட்டு ஆரம்பத்தைத் தேடுவார். யாரோ மரியாதைக்காக இருமினார்கள்.

செல்லியம்மா வரிசையிலிருந்து கழுத்தை நீட்டினாள். "தம்பி, எளவரசி எங்க?"

"வந்து கீறாக்கா. அங்க பந்திகிட்ட."

"அவ எங்க நிக்கிறான்னு தெரிஞ்சாதான மூஞ்சிய எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு தெரியும்."

அம்மா பந்திக்குப் பக்கத்தில், கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு பெண்களோடு பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சும் அதற்குப் பிறகு வரும் சிரிப்பும் எங்களுக்குக் கேட்டன. அப்பா கேமராத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுமட்டும் அந்தப் பக்கம் போயிருந்தது.

கடைசியில் ஊர்ப் படம். மலைமேல் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், ஊரையே நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுப்பது எங்கள் கடையின் வழக்கம். பலாமரத்தடியில் எல்லாரும் நின்றார்கள். குழந்தைகள் முன்னால், உயரமானவர்கள் பின்னால், நாய் ஒன்று ஓரத்தில். அப்பா கண்ணை வைத்தார். அழுத்தவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அபி, இதுல பாரு."

பார்த்தேன். ஓர் ஊரே என்னைப் பார்த்தது. நான் ஏதோ எடுத்துப்போய்விட்டதுபோல, திருப்பித் தருவேனா என்று காத்திருப்பதுபோல. சட்டென்று கண்ணை எடுத்துவிட்டேன்.

"இத்தன வருஷமா இவங்க யாரும் என்ன பாத்ததே இல்ல" என்றார் அப்பா மெதுவாக. "அவங்க அவளப் பாத்தாங்க, நான் அவங்களப் பாத்தேன். இப்ப எல்லாரும் என்னப் பாக்குறாங்க. எனக்குக் கூச்சமா கீதும்மா."

பிறகு நிமிர்ந்து கத்தினார்: "அரசி!"

பலாப்பழப் பக்கம் பேச்சு நின்றது.

"இன்னாங்க?"

"இங்க வா."

"நான் விருந்தாளி. நேரா பாக்குற படத்துல எனக்கு வேல இல்ல."

"விருந்தாளின்னா வந்து படத்துல நில்லு. ஊரே நிக்குது இல்ல."

அம்மா எழுந்தாள். எண்ணெய்க் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, செல்லியம்மாவுக்கும் காவியாவுக்கும் நடுவில் நின்றாள். அப்பா கண்ணை வைத்தார். அம்மா சும்மாதான் நின்றாள், கொஞ்ச நேரம். பிறகு அவளால் முடியவில்லை.

"சடையண்ணா, இன்னாத்துக்கு இப்புடி வெறச்சிகினு நிக்கிற? ஓட்டு கேக்கவா வந்துகீறாங்க?"

ஊர் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. முன்வரிசைக் குழந்தைகள் உட்கார்ந்தபடியே பின்னால் திரும்பினார்கள். அப்பா அழுத்தினார். அந்தப் படத்தில் பாதிப்பேருக்குப் பிடரிதான் இருக்கிறது. நடுவில், கைகளைத் தூக்கிப் பிடித்தபடி அம்மா மட்டும் நேராகப் பார்க்கிறாள், அப்பாவை.

முதலில் சிரித்தது அருள்தான். "அக்கா, நீங்க உள்ள நின்னா ஊரே திரும்பிக்குது. வெளிய வாங்க, வழக்கமா நிக்கிற எடத்துலயே நில்லுங்க."

"அங்க நின்னா எல்லாரும் எங்கியோ பாக்குறாங்கன்னு யாரு தம்பி சொன்னது?" என்றாள் அம்மா.

அவன் தலையைச் சொறிந்தான். அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பாவின் தோள் உயரம்தான். நேர் பின்னால் நின்றால் அவள் இருப்பதே தெரியாது. திடீரென்று சமையல் கொட்டகைக்கு ஓடினான். போளூர்ச் சந்தையிலிருந்து தக்காளி வந்த பிளாஸ்டிக் கிரேட் இரண்டைத் தூக்கி வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அப்பாவுக்குப் பின்னால் கவிழ்த்தான். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை கிரேட் அடுக்குவதை அவன் மாமனார் வீட்டார் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"ஏறுங்கக்கா."

அம்மா பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினாள். கிரேட் லேசாக ஆடியது. பிடித்துக்கொள்ள அப்பாவின் தோளுக்குக் கையைக் கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள்.

"கையெல்லாம் பலாப் பாலுங்க. சட்ட கறையாவும்."

"ஆவட்டும்" என்றார் அப்பா.

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் தலைக்குமேல் அம்மாவின் தலை.

"இன்னா செல்லிக்கா, மருமவ வந்துட்டா, இனிமே மாமியார்னு மூஞ்சிய தூக்கி வச்சிக்கணும் இல்ல? எங்க, ஒருதபா தூக்கிக் காட்டு, பாக்கலாம்!"

செல்லியம்மா முகத்தைத் தூக்கிக் காட்டினாள். காவியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர் வெடித்துச் சிரித்தது. அப்பா ஒரேமுறை அழுத்தினார். பிறகு குடும்பப் படங்களையும் அப்படியே மறுபடி எடுத்தார்.

வண்டியில் திரும்பினோம். கோயில் வளைவைத் தாண்டியதும் அப்பா கேட்டார், "வடிவு அண்ணிக்கு இன்னா சொல்லப் போற?"

"கட தெறப்புக்கு ரெண்டு பேரும் வந்து போட்டோ எடுக்குறோம்னு சொல்றேன்."

எடுத்தார்கள். கண்ணமங்கலத்துக்குத் தக்காளி கிரேட்டுகளும் போயின. அருள் அவற்றைத் திருப்பிக் கேட்கவே இல்லை. இப்போதும் அவர்கள் வண்டிக்குப் பின்னால் விளக்கு ஸ்டாண்டோடு அவற்றையும் கட்டிக்கொண்டுதான் மலையேறுகிறார்கள்.

அருளின் ஆல்பத்தில் யாரும் ஓரமாகப் பார்க்கவில்லை. நேராகவும் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே பார்க்கிறார்கள், மழை வருமா என்று பார்ப்பவர்களைப்போல, வந்தால் நனையலாம் என்று இருப்பவர்களைப்போல. அவன் மாமனார் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.

கடைச் சுவரில் அப்பா மாட்டியது ஊர் மேலே பார்த்துச் சிரிக்கிற அந்தப் படத்தை அல்ல. பிடரிகளாக நிறைந்த மற்றதைத்தான். கடைக்கு வருகிறவர்கள், "இது இன்னா, கெட்டுப்போன போட்டோவ மாட்டி வச்சிகீறீங்க?" என்று கேட்பார்கள். அம்மா படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பாள். உள்ளே பாஸ்போர்ட் படம் நடந்துகொண்டிருக்கும். அப்பா, "நேரா பாருங்க" என்று ஸ்டூலில் இருப்பவரிடம் சொல்வார்.

அன்று நான் எடுத்த வீடியோவில் படம் சரியாக இல்லை. சிரித்ததில் என் கை ஆடிவிட்டது. பெரும்பாலும் பலா இலைகளும் வானமும்தான். ஆனால் குரல் இருக்கிறது. விடுதி அறையில் சில சாயங்காலங்களில் அதை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். அம்மா யாரையோ கிண்டல் செய்கிறாள், ஊர் சிரிக்கிறது, ஷட்டர் ஒருமுறை விழுகிறது. என் முகம் தானாகக் கொஞ்சம் மேலே திரும்பிக்கொள்கிறது.