பின்னறையின் ஓடுகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடத்துச் சித்திரக் கூரையில் மூன்றாவது கிளியின் வால் கரையத் தொடங்கியது. மூத்தவள் கீழே அண்டாவை வைத்தாள். பச்சையாகச் சொட்டியது.

நூற்றைம்பது வருஷத்து வீடு. அந்தக் கூரையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். தொல்பொருள் துறை வாசலில் பலகை அடித்திருக்கிறது. வசிப்பது அவள் ஒருத்திதான்.

ஓட்டுக்காரர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒரு வரிசையே போயிடுச்சும்மா. புது ஓடு உக்காராது, அளவு வேற."

"புதுசு போடத் துறையில விடவும் மாட்டாங்க."

"அப்ப இந்த வீட்டு ஓடுதான் இந்த வீட்டுக்கு. பின்னாடி ரூம்ல நல்லா இருக்கு. அதைப் பிரிச்சு இங்க போட்டுட்டு அங்க தகரம் அடிச்சுடலாம். அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அப்புறம் என்ன. பல்லிக்குத் தகரம் போதும்."

பின்னறை இளையவளுடையது. அம்மா போனபின் ஒரு வாய்ச்சண்டை. கூப்பிட்டால் வருகிறேன் என்று தங்கை போனாள். வருகிறவளுக்கு அழைப்பு எதற்கு என்று இவள் இருந்துவிட்டாள். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். வருஷம் ஆறு ஓடிவிட்டது. வாரம் தவறாமல் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறாள். கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு. வெயில் சதுரமாக இறங்கித் தலையணைக்கு வரும்போதுதான் தங்கை எழுந்திருப்பாள்.

"நாளைக்குக் காலையில வந்துடவா?" என்றார் ஓட்டுக்காரர்.

"அடுத்த வாரம் வாங்களேன்."

"மழை உங்களைக் கேட்டுக்கிட்டா வரும்? இன்னிக்கு வாலு. நாளைக்கு மூக்கு போகும். அப்புறம் அது காக்காதான்."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"நாளைக்கே வாங்க. ஆனா மத்தியானத்துக்கு மேல."

"காலையில என்ன?"

"இருக்கு ஒண்ணு."

அவர் போனதும் தொலைபேசியை எடுத்தாள். எண் விரலுக்கு மறக்கவில்லை.

"நான்தான்."

"ம்."

"கூடம் ஒழுகுது. உன் ரூம் ஓட்டைப் பிரிக்கணுங்கிறாங்க."

"பிரிச்சுக்கோ. எங்கிட்ட எதுக்குக் கேக்குற?"

அண்டாவில் சொட்டு விழுந்தது. அது அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். மூத்தவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கேட்க வந்தது ஓட்டைப் பற்றி இல்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அந்த ரூம் அப்படியேதான் இருக்கும். வர்றியாடி?"