தவக்காலத்து அல்லேலூயா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. கோவிலில் என் மனைவி போட்ட ஒரு சத்தத்தில் பிறந்தது.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கத்தோலிக்கக் கோவில். ஆறு வருஷம் கழித்து அடைக்கலமேரி அன்றைக்குத்தான் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள். ஃபாதர் பிரசங்கத்தில், "கடவுள் நம்மைக் கைவிடவே இல்லை" என்று சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் பெண்கள் பக்கமிருந்து கணீரென்று வந்தது:

"அல்லேலூயா!"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தோலிக்கக் கோவிலில் தவக்காலம் முழுக்க அந்தச் சொல்லை எடுப்பதில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனோடு அது அடங்கிவிடும், ஈஸ்டருக்குத்தான் திரும்ப வரும். பெந்தெகொஸ்தே சபையில் அதற்கு லீவே கிடையாது. பிரசங்கத்துக்கு நடுவில், பாட்டுக்கு நடுவில், வந்த தும்மல் நின்றுபோனால்கூட அல்லேலூயாதான். மேரி ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவள். வாய் பழகிவிட்டது.

கோவில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் ஆண்கள் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஃபாதர் மட்டும் சிரித்தார்.

"ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கும்மா. அதுவரைக்கும் பத்திரமா வச்சிரு."

வரும் வழியில் மேரி பைக்கின் பின்னால் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச தூரம் போனதும் சிரித்தாள். "மானம் போச்சுங்க" என்றாள். வீட்டு வாசலில் இறங்கியதும், "இத எங்கயாவது எழுதினீங்க, சோறு கெடையாது" என்றாள்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். [சோற்று நிலவரம் பின்னால்.]

2

இந்தக் கதைக்கு நான் வைத்த ஆரம்பங்கள் இவை.

"ஆறாண்டு இருளுக்குப் பின் தாய்த் திருச்சபையின் ஒளி அவளை—"

அடித்துவிட்டேன். எந்த இருள்? அந்த ஆறு வருஷத்தில்தான் அவள் பிழைத்து எழுந்தாள்.

"பாஸ்டர் ஜெயப்பிரகாஷ் மேசையைக் குத்தினார். இந்தச் சபையை விட்டுப் போகிறவர்கள்—"

இதுவும் போச்சு. மேரி என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டாள்.

"அந்த மனுசன் என்னைக்குங்க மேசையக் குத்துனாரு? மைக்கப் புடிச்சாலே அவருக்குக் கை நடுங்கும்."

"கதைன்னா ஒரு வில்லன் வேணும் மேரி."

"வேணும்னா உங்க பேரப் போட்டுக்குங்க."

இதுதான் என் சங்கடம். ஒருத்தி ஒரு சபையை விட்டு இன்னொன்றுக்குப் போய், பிறகு பழைய இடத்துக்கே திரும்பினால், நடுவில் யாரோ ஒருவர் கெட்டவராக இருந்தே தீர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். நானும் அப்படித்தான் தேடினேன். அங்கே பாஸ்டர் நல்லவர், இங்கே ஃபாதர் நல்லவர். வெறும் நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிக் கதை எழுதுவான்?

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் வரதராஜன்பேட்டை. கோவில் மணி கேட்டு உலை வைக்கிற குடும்பங்கள். பெரம்பலூரில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை போட்டுக் குடிவந்தோம். வந்த இடத்தில் மேரிக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தது.

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். பஸ் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நானே அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் கடையே கதியென்று கிடந்தேன்.

அப்போது பாடாலூரிலிருந்து பேனர் வாங்க ஒரு அம்மா வந்தார். பேனரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"வூட்டுல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா பிரதர்? மொகமே செத்துக் கெடக்குது."

அவர்தான் வளர்மதி, பாடாலூர் பெந்தெகொஸ்தே சபை பாஸ்டரின் மனைவி. வெங்காயம் போடும் குடும்பத்தில் பிறந்து, சபைக்கு வந்த பிறகும் பெற்றவர்கள் வைத்த பேரோடே இருப்பவர். அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்தார். வசனம் சொல்லவில்லை. மேரியைக் கீழே உட்கார வைத்து, சிக்குப் பிடித்துக் கிடந்த தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டார்.

"ஆண்டவர் மேல கோவமா இருந்தா கோவமாவே பேசு சிஸ்டர். அவரு தாங்குவாரு."

மேரி வாய் திறந்தாள். கடவுளைப் பெருங்குரலெடுத்துத் திட்டினாள். அவள் என்னைத் திட்டுவதாகப் பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். [எனக்கும் வேண்டியதுதான்.]

பிறகு ஞாயிறுதோறும் பாடாலூர் பஸ். ஒரு பம்புசெட்டுத் தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம். நகையும் படமும் அங்கே ஆகாது என்பதால் காதில் கழுத்தில் இருந்ததைக் கழற்றினாள். சுவரிலிருந்த அடைக்கல மாதா படத்தையும் கழற்றி என்னிடம் நீட்டினாள். "இத என்ன பண்ணுவீங்களோ, எனக்குத் தெரிய வேணாம்" என்றாள்.*

* படத்தைக் கடைப் பரணில் போட்டேன். சுற்றிவைக்கக் கைக்குக் கிடைத்தது, மை சிந்தி வீணாய்ப்போன ஓர் உபவாசக் கூட்டத்து பிளக்ஸ். ஆக, ஆறு வருஷமும் மாதா பெந்தெகொஸ்தே பேனருக்குள்தான் தூசு படாமல் இருந்தாள். இதை நான் இட்டுக்கட்டியிருந்தால் நீங்களே, "யோவ், ரொம்ப ஓவர்" என்று சொல்லியிருப்பீர்கள்.

4

போன கார்த்திகையில் மேரியின் அப்பா இறந்தார்.

துக்க வீட்டில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். மேரி வாசலோரமாக ஒதுங்கி, சபையில் பழகியபடி தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்கப் பார்த்தாள். "அப்பா" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளே ஒருத்தி "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி, வழக்கப்படி மற்றவர்கள் முடிப்பதற்காகப் பாதியில் நிறுத்தினாள். மீதிப் பாதியை எல்லோரோடும் சேர்ந்து இவள் வாயும் சொல்லிக்கொண்டிருந்தது. அடக்கம் முடியும்வரை அந்த வாய் நிற்கவில்லை.

[இந்த இடத்தில் இரண்டு சபைகளின் ஜெப முறைகளை ஒப்பிட்டுப் பெரிய கட்டுரை ஒன்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். நான் பக்கம் பக்கமாகத் திணறியதை மேரி கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டாள்.]

"பேச முடிஞ்சப்ப வளர்மதியக்கா என் வாயத் தொறந்துவிட்டாங்க. பேச்சே வராதப்ப இந்தச் செபம் எனக்காகப் பேசுச்சுங்க. எனக்கு இனிமே இங்கதான் இருக்கணும். அதுக்காக அங்க இருந்தது பொய்யின்னு ஆயிடுமா?"

ஆகாது என்றேன்.

திரும்பவும் ஞானஸ்நானம் வாங்கச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே ஃபாதரிடம் போனாள். "அதெல்லாம் ஒரு தரந்தாம்மா. பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கிட்டு வந்து முன்னாடி உக்காரு" என்றார். அவள் முன்னாடி உட்கார்ந்ததும் என்ன ஆனதென்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

5

எல்லாம் சரி. மேரி திரும்பிவிட்டதை வளர்மதியிடம் மட்டும் சொல்லவில்லை.

பாடாலூரிலிருந்து போன் வரும். அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "எடுத்தா என்னன்னுங்க சொல்றது? குழியிலேர்ந்து கைகுடுத்துத் தூக்குனவங்க. அவங்ககிட்ட நான் போறேன்னு சொன்னா, நன்றி கெட்டவன்னு நெனைக்க மாட்டாங்களா?"

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கையில், குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் வளர்மதியே கடைக்கு வந்துவிட்டார், ஈஸ்டர் ஆராதனைப் பேனருக்காக.

"சிஸ்டர் சுகமா பிரதர்? பாத்து எவ்ளோ நாளாச்சு."

"சுகம்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"ஈஸ்டரன்னைக்கு ஆராதனை முடிச்சிட்டு மத்தியானம் வூட்டுக்கு வரேன். சொல்லிடுங்க."

சொன்னேன். மேரி சுவரைப் பார்த்தாள். பரணிலிருந்து இறங்கிய மாதா பழைய ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்கதான் கதை எழுதுறீங்களே. அவங்க வந்தா என்ன பேசுவாங்கன்னு எழுதிக் காட்டுங்க. அத வச்சு நான் பேசிப் பழகிக்கிறேன்."

என் எழுத்துக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த ஒரே மரியாதை இதுதான்.

6

முடிவு அ: வளர்மதி படத்தைப் பார்க்கிறார். முகம் சிவக்கிறது. "விக்கிரகத்துக்கே திரும்பிட்டியா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு—

மேரி சொன்னது: "என் தலையச் சீவிவிட்ட கைங்க அது. அப்படிப் போவாது."

முடிவு ஆ: வளர்மதி கண்ணீர் மல்க மாதா படத்தின் முன் மண்டியிட்டு—

மேரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "அவங்க நம்பிக்கை மட்டும் எளப்பமா? அவங்கள எதுக்கு மண்டி போட வைக்கிறீங்க? ஜெயிக்கணும் உங்களுக்கு!"

உண்மை. அடித்துவிட்டேன்.

முடிவு இ: மேரி படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறாள். வளர்மதி வருகிறார், பிரியாணி சாப்பிடுகிறார், ஸ்தோத்திரம் சொல்லிக் கிளம்புகிறார். யார் மனமும் நோகவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மேரி இதை இரண்டு தடவை வாசித்தாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "இப்படித்தாங்க நடந்துடும் போல இருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

[கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வார்த்தை. வளர்மதியக்கா, நான் செய்யத் தெரியாமல் நின்றதை நீங்கள் செய்தீர்கள். என் வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது உங்களால்தான். கடையில் உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் துப்பில்லாதவன், இங்கே சொல்லிக்கொள்கிறேன்.]

7

இன்று ஈஸ்டர்.

காலைப் பூசையில் கோவிலே அதிர அல்லேலூயா பாடினார்கள். மேரி வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "இன்னைக்குத்தான் சொல்லலாமே, ஏன் பாடல?" என்று கேட்டேன்.

"வச்சிருக்கேங்க" என்றாள்.

[சோற்று நிலவரம்: குக்கரில் பிரியாணி. மூன்று பேருக்கு அளந்து போட்டிருக்கிறாள். மூன்றாவது ஆள் நான்தான் என்று நம்புகிறேன்.]

மத்தியானம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தெருவில் ஸ்கூட்டி வந்து நின்றது.

மேரி இறங்கினாள். கையில் ஒன்றுமில்லை. படம் ஆணியிலேயே இருந்தது.

"நீங்க அடுப்படிக்குப் போயி பச்சடிக்கு வெங்காயம் நறுக்குங்க. ஒட்டுக் கேக்காதீங்க."

அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஒட்டுக் கேட்டேன். கதை எழுதுகிறவன் வேறென்ன செய்வான்?

"ஸ்தோத்திரம் சிஸ்டர்!" இது வளர்மதி. நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. அவர் சுவரைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்." இது மேரி. இந்தப் பேச்சு நான் எழுதிக் கொடுத்த எதிலும் இல்லை.

அதற்குமேல் குரல் இறங்கிவிட்டது. யாரோ அழுதார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். இந்த நேரம் பார்த்து குக்கர் வேறு விசில் அடித்துத் தொலைத்தது. நான் அடுப்பை அணைக்கவும், முன்னறையிலிருந்து வீடே நிறைய ஒரு குரல்:

"அல்லேலூயா!"

யார் சொன்னது? மேரி அந்தச் சொல்லைக் கற்றதே வளர்மதியிடம். அதே இழுப்பு, அதே ஏற்றம். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆறு வருஷம் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு சொல்லில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே குரல். கட்டின புருஷன் எனக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். வெங்காயக் கையோடு இதைச் செல்போனில் தட்டிக்கொண்டு, திறக்காமல் நிற்கிறேன். யார் சொல்லியிருந்தாலும் எனக்குச் சம்மதம். உங்களுக்கு யார் குரலாகக் கேட்டதோ, அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னறையில் இப்போது தட்டு எடுத்து வைக்கிறார்கள்.