எச்சில் கரண்டி

...தண்ணீர் ஊற்றியிருக்கிறார் நாத்தனார், வேறென்ன, கெட்டியாகக் கலந்து வைத்த கூழ் தானாகவா இளகும், என்று நேற்றிலிருந்து மனதுக்குள் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தாள். எதிரே, ஆய்வக மேசையில், கெட்டித்தன்மை அளக்கும் கருவியின் தட்டு கூழைத் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தது, சோளமாவு பாதி, பிசின் பாதி, விழுங்கத் தடுமாறுகிறவர்களுக்கான கூழ், திருகினால் வழிகிறது, விட்டால் கொஞ்சம் பின்வாங்குகிறது, கோபித்துக்கொண்ட உறவு மாதிரி... பக்கவாதம் வந்த கணவருக்கு வெறும் தண்ணீர் ஆகாது, புரையேறி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். போன வாரம் வரை தனிப் பிசின், கொழகொழவென்று இருக்கிறதென்று அவர் முகம் சுளித்ததால் இப்போது மாவு சேர்ந்த இந்தப் பொடி, காலையில் ஒரு டம்ளர் கலந்து, நாலு வாய் ஊட்டி, மீதியை மூடி வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவருவாள், பத்து மணிக்கு நாத்தனார் ஊட்டுவார். நேற்று அதைக் குடித்த கணவர் முகம் நீலம்பாரிக்க இருமினாராம். "தண்ணி கலந்தீங்களா அண்ணி?" கேட்டே விட்டாள். "என் தம்பிய நானே கொல்லப் பாக்கறேனா?" என்று அண்ணி அழுதது... சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று, நரம்பில்லாத நாக்கு, எதையும் பேசும்.

ருசி பார்க்கிறவர் வந்து, கிண்ணத்தில் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்து, அதே கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் விட்டார். "ஐயையோ சார், எச்சில் பட்டா மாவு கரைஞ்சிடும், பிசின் மட்டும் என்ன பண்ணும்? கொஞ்ச நேரத்துல தண்ணியாயிடும், கொட்டுங்க" என்று சிரித்தாள், சிரித்த வாய் அப்படியே நின்றது... சூடு பார்க்க ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் உதட்டில் வைத்துப் பார்ப்பது யார், அவர் வாயிலிருந்து எடுத்த கரண்டியை டம்ளருக்குள்ளேயே போட்டு மூடியது யார்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்... பத்தாகப் போகிறதே, போன் எங்கே?

"அண்ணி, அந்த டம்ளர கொட்டிடுங்க."

"ஏன், இன்னைக்கும் நான் தண்ணி ஊத்திட்டேனா?"

"இல்ல... கரண்டி... எச்சில் பட்டு இளகிடுது... நான்தான் அண்ணி."

இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், நியாயம்தானே, என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, புதுசா எவ்வளவு பொடி போடணும், சொல்லு. அவன் தாகமா இருக்கான்."

சொன்னாள். போன் வைக்கப்பட்டது. தட்டு இன்னும் திருகிக்கொண்டிருந்தது, அண்ணியின் இடத்தில் தான் இருந்திருந்தால் முதலில் அதையா கேட்டிருப்போம்... தெரியவில்லை, யோசித்துப் பார்க்கவும் உடம்பில் தெம்பில்லை.